இந்த அம்மாவும் போய்விடுவாள்

இந்தக் காலத்து ஆட்கள் நாற்காலியில்கூட முழுசாக உட்காருவதில்லை. நுனியில் தொற்றிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை வாசல் பக்கமே வைத்திருக்கிறார்கள். வேலையில் சேர்ந்த அன்றைக்கே அடுத்த வேலைக்குச் சொல்லி வைக்கிறார்கள். வாடகைக்கு வந்தால் பாதி மூட்டையைப் பிரிப்பதேயில்லை. எப்படியும் திரும்பக் கட்டத்தானே வேண்டும் என்கிறார்கள். டீயைக் கையில் கொடுத்தால் குடித்து முடிப்பதற்குள் எழுந்து நிற்கிறார்கள். காயில்காரருக்கு இது எதுவும் பிடிக்காது. பிடிக்குமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்காது.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். கோடை வந்துவிட்டால் அந்த ஊரில் கரண்ட் பாதி உயிரோடுதான் வரும். கிணற்று மோட்டார் ஒவ்வொன்றாகப் புகைந்து கருகி அவருடைய தகரக் கொட்டகைக்கு வந்து சேரும். கருகின செம்புக் கம்பியை உருவி எடுத்து, பள்ளத்துக்குப் பள்ளம் காகிதம் சொருகி, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைப்பார். படித்தது கொஞ்சம்தான், பேப்பரில் கொட்டை எழுத்தை மட்டும் வாசிப்பார். மிச்சமெல்லாம் பொய்யாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

கொட்டகைக்கு எதிரே பஸ் திரும்புகிற இடம். அங்கே ஒரு டீக்கடை, அதை ஒட்டி மருந்துக்கடை. அந்த மருந்துக்கடை திறந்திருந்த நாளைவிடப் பூட்டியிருந்த நாள்தான் அதிகம். கடை இருந்தது, அலமாரி இருந்தது, மருந்தும் இருந்தது. மருந்தாளர் இல்லை. அதற்கென்று படித்த ஆள் உள்ளே இருந்தால்தான் ஷட்டரைத் தூக்கலாம் என்பது சட்டம். முதலாளிக்கு ஊர் ஊருக்குக் கடை. இந்த ஊருக்கு அனுப்பினால் எவனும் தங்குவதில்லை. ஒருவன் குடிக்கிற தண்ணீர் உப்பு என்று போனான். ஒருவனுக்குப் பெண் கிடைக்கவில்லை. இந்த ஊர் பெயரைச் சொன்னதும் பெண் வீட்டார் எழுந்துபோனார்களாம். இன்னொருவன் நன்றாகப் பாட்டுப் பாடிக்கொண்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பான். ஒருநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகச் சாவியை டீக்கடைக்காரரிடம் நீட்டினான். அவ்வளவுதான், பாட்டு நின்றது.

காயில்காரருக்கு இது வேடிக்கை பார்க்கிற சமாசாரம் இல்லை. அவர் மனைவிக்குச் சர்க்கரை. இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டும். கடை பூட்டினால், ஒரு குப்பி மருந்துக்கு நகரத்துக்கு பஸ் ஏறவேண்டும். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வரலாம். நகரத்தில் இருக்கும் மகன் போனில் ஒரே பாட்டுத்தான்: "அங்க என்னப்பா இருக்கு? அம்மாவை வச்சுக்கிட்டு எதுக்கு அல்லாடுறீங்க? இங்க வந்துடுங்க."

மகன் வீடு மாடியில். கொட்டகை கிடையாது. மோட்டார் கிடையாது. பால்கனியில் உட்கார்ந்து எதிர் வீட்டுப் பால்கனியைப் பார்க்கலாம்.

அவர் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை வர்ற ஆளும் ஓடிப்போனா நான் மகன் வீட்டுக்குப் போயிடுவேங்க. நீங்க உங்க மோட்டாரோட குடும்பம் நடத்துங்க."

"போயேன். யாரு காலைப் பிடிச்சா?"

"பிடிக்கமாட்டீங்க. ஆனா சோத்துப்பானை எங்க இருக்குன்னு கேட்டு போன் பண்ணுவீங்க."

அந்தச் சமயத்தில்தான் மருந்தம்மா வந்தாள். ஊர் வைத்த பெயர் அது. முப்பது வயதைத் தாண்டியவள், உயரம், கண்ணுக்குக் கீழே கருப்பு. புருஷன் வேறு ஊரில் வேலை. ஐந்து வயதுப் பெண் குழந்தை அவள் அம்மா வீட்டில். கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் தங்கினாள். பாய், அடுப்பு, மூன்று பாத்திரம், குழந்தை படம். காயில்காரர் ஃபேன் மாட்டிக் கொடுக்கப் போனபோது அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "மூட்டையே பிரிக்கல. போயிடும்."

"பிரிச்சு வைக்க என்ன இருக்கு அந்தம்மாகிட்ட?" என்றாள் மனைவி.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஆனால் மருந்தம்மா இருந்தாள். ஊருக்கு அது பழக்கமில்லாத விஷயம். ஷட்டர் தினமும் திறந்தது. கிழடுகளுக்கு மாத்திரை அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தாள். எது சாப்பாட்டுக்கு முன்னால், எது சாப்பிட்டபின்னால் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காயில்காரருக்கு ஊசியை ஒழுங்காகப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். குப்பியைக் குலுக்கக்கூடாது, உள்ளங்கையில் உருட்டவேண்டும். வயிற்றில் ஒரே இடத்தில் குத்தாமல் மாற்றி மாற்றிக் குத்தவேண்டும். அவர் கை கம்பி சுற்றின கை, நடுங்காது. "ஐயாவுக்கு நர்ஸ் வேலையே குடுக்கலாம்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. நல்லவிதமாகப் பேசுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

"குப்பியை ஃப்ரிட்ஜ் கதவுல வைங்க ஐயா. ஐஸ் பக்கம் மட்டும் போயிடக்கூடாது" என்று அன்றைக்கே சொன்னாள்.

"சரி சரி" என்றார். இரண்டு சரி சொன்னால் அவர் கேட்கவில்லை என்று அர்த்தம். அது மனைவிக்குத் தெரியும், மருந்தம்மாவுக்குத் தெரியாது.

ஊர் அவளை விட்டுவைக்கவுமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஷட்டரைத் தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தால் கொல்லைப்பக்கம் வந்து நின்று, "ஒரே ஒரு தலைவலி மாத்திரை தாயி" என்பார்கள். குழந்தையோடு போனில் பேசிக்கொண்டிருந்தால் பேசி முடிக்கட்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, குழந்தை என்ன சொல்கிறது என்றும் கேட்பார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை. மெலிந்துகொண்டு மட்டும் போனாள்.

ஒரு திங்கட்கிழமை ஷட்டர் திறக்கவில்லை.

காயில்காரரின் மச்சான், மனைவியின் தம்பி, ஊரில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். டீக்கடையில் நின்று அறிவிப்பு வாசித்தான். "போயிருச்சு. நேத்துச் சாயங்கால பஸ்ல பையோட ஏறுனதை என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"பெரிய பையா, சின்னப் பையா?" என்றார் டீக்கடைக்காரர்.

"பை பைதானே."

"அப்படிச் சொல்லாதே. சின்னப் பைன்னா திரும்பி வரும்."

"பாட்டுக்காரன் பையே இல்லாமதான் போனான். வந்தானா?"

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். குழந்தைக்குக் காய்ச்சலாம், பார்க்கப் போயிருந்தாளாம். அவள் ஷட்டரைத் தூக்குவதற்குள் கடை முன்னால் ஊரே நின்றது. பிரஷர் மாத்திரை ஆறு மாதத்துக்கு வேண்டும், தைராய்டு மாத்திரை ஒரு வருஷத்துக்கு வேண்டும், ஆஸ்துமாவுக்கு ஊதுகிற மருந்து இருப்பதையெல்லாம் எடு. வியாதியே இல்லாத ஒருவன் இரண்டு பாட்டில் இருமல் மருந்தோடு நின்றான். வந்தால் என்ன செய்வது?

"ஏன் எல்லாரும் இப்படி வாங்குறீங்க?" என்றாள்.

போகப்போகிறவளிடம் போகப்போகிறாய் என்று எப்படிச் சொல்வது?

ஒருவருக்கு ஒரு மாத மருந்துதான் என்று அவள் கறாராக நின்றாள். அதற்கும் ஊர் வழி கண்டுபிடித்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார்கள், அந்தக் கோடையில். எலி தின்றுவிட்டது என்றார்கள். காயில்காரர் மட்டும் கூட்டத்தில் சேரவில்லை. தனியாகப் போனார். குப்பி கை தவறி உடைந்துவிட்டது என்று ஒன்று வாங்கினார். மகன் வீட்டுக்குப் போகிறோம், சேர்த்துக் கொடு என்று இன்னும் சில வாங்கினார். ரேடியோவை அனுப்பி, அக்காவுக்கு அவசரம் என்று சொல்லச் சொன்னார். மருந்தம்மா அவரை நம்பினாள். அவர் முகம் அப்படி. பொய் சொல்லத் தெரியாத முகம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

வாங்கியதை எங்கே வைப்பது? வீட்டிலிருந்த ஃப்ரிட்ஜ் பழசு, எங்கோ தூக்கிப்போட்டதை வாங்கி அவரே சரிசெய்தது. குளிர் போதும் என்று தானாக நின்று நின்று ஓடுகிற விவகாரமெல்லாம் அதற்குக் கிடையாது. கரண்ட் இருக்கிறவரை ஓடும். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் அனல் அடிக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மீன் கெடாமல் இருப்பது எங்கே? ஐஸில். கீழே தட்டில் வைத்தால் மனைவி பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். குப்பிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, மேலே ஐஸ் அறையில் உள்ளே தள்ளினார். கட்டியாகப் பனி பிடித்து டப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டது. திருடன் வந்தாலும் எடுக்கமுடியாது. அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

காற்று கிளம்பியது. அந்த ஊரில் கோடைக் கடைசியில் ஒரு காற்று அடிக்கும்; மண்ணை வாரி வாசலில் கொட்டும், தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும், மழையை மட்டும் கொண்டுவராது. மோட்டார்கள் வரிசையாகக் கருகின. காயில்காரர் நிமிர நேரமில்லாமல் கம்பி சுற்றினார். கதவிலிருந்த குப்பி தீர்ந்தது. டப்பாவிலிருந்து ஒன்றை நெம்பி எடுத்து, ஐஸ் கரையவிட்டு ஊசியில் ஏற்றினார்.

சில நாளில் மனைவிக்குத் தாகம் எடுத்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். கீரையும் சோறும் பிசைந்து தட்டில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"கண்ணு மங்குதுங்க. காத்துல மண்ணு விழுந்திருக்குமோ?"

"காத்து எல்லாருக்கும்தான் அடிக்குது. தின்னு."

"வாய் காய்ஞ்சு கெடக்கு. ஊசி ஒழுங்காப் போடுறீங்களா?"

அது அவருக்குச் சுருக்கென்றது. வேலையில் குறை சொன்னால் அவருக்குத் தாங்காது. குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பால் மாதிரி இருக்கவேண்டிய மருந்தில் சின்னச் சின்னத் திப்பி மிதந்தது. கண்ணாடிச் சுவரில் பனி படர்ந்தாற்போல் ஒட்டியிருந்தது. உருட்டினார். கலையவில்லை. அப்படியே விறுவிறுவென்று மருந்துக்கடைக்கு நடந்தார்.

கடையில் கூட்டம். குப்பியை மேஜைமேல் டக்கென்று வைத்தார். "இது என்ன? மருந்தா, மாவா?"

மருந்தம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளங்கையில் உருட்டினாள். முகம் மாறியது. "ஐயா, இது உறைஞ்சுபோன மருந்து. இதுல சத்தே இருக்காது. எங்க வச்சிருந்தீங்க?"

"நீ சொன்ன எடத்துல."

"கதவுலயா?"

"கதவுலதான்."

"ஐஸ் பக்கம் கொஞ்சம்கூட..."

"ஏம்மா, எனக்குக் காது நல்லாக் கேக்கும். கதவுலன்னேன்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து தானாக வந்தது. ஐஸ் என்றால் டப்பா வரும். டப்பா என்றால் உடைந்த குப்பி, மகன் வீட்டுப் பயணம் எல்லாம் வரிசையாக வரும். சுற்றிலும் ஊர் நின்றது.

மருந்தம்மா மெல்லத் திரும்பித் தன் கடை ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். உள்ளே தொங்கின தெர்மாமீட்டரைப் பார்த்தாள். அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வருவதைக் காயில்காரர் பார்த்தார். "உங்க வீட்ல உறையலைன்னா, இங்கதான் உறைஞ்சிருக்கணும்" என்றாள். "கரண்ட் போய் வந்த ராத்திரியில ஏதோ ஆகியிருக்கு. தப்பு என்மேலதான். இன்சுலின் வாங்கின எல்லாரும் குப்பியைக் கொண்டாந்து குடுத்துடுங்க. வேற வரவழைக்கிறேன்."

இருந்த மருந்தையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்தாள். முதலாளிக்குப் போன் போட்டு, தன் கவனக்குறைவு என்று தானே சொன்னாள். ஊருக்கு அது போதும். கெட்டுப்போன மருந்து விற்கிற கடை என்று மாலைக்குள் ரேடியோ ஒலிபரப்பிவிட்டான். "மாமாதான் கண்டுபிடிச்சாரு! படிக்காத மனுஷன், குப்பியைத் தூக்கிப் பாத்தாரு பாரு ஒரு பார்வை!"

டீக்கடைக்காரர் காயில்காரருக்கு எழுந்து இடம் விட்டார். அவர் உட்காரவில்லை.

வீட்டில் டப்பா இருந்தது. அதை எறிய அவருக்கு மனம் வரவில்லை. உறைந்தால் என்ன, கரைந்தால் மருந்துதானே, இந்தப் படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒன்று சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். பாதிதான் நம்பினார். புது மருந்து வரட்டும் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு குப்பியை நெம்பி ஊசி போட்டார்.

அடுத்த நாள் நண்பகல். காற்றில் தெரு காலியாகக் கிடந்தது. மனைவி பாயில் சுருண்டிருந்தாள். காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி. அவர் கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கையில் கம்பிச் சுருள், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போது மருந்தம்மா வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் மண். கையில் ஐஸ் பை சுற்றிய பொட்டலம்.

"புது மருந்து பஸ்ல வந்துடுச்சு ஐயா. மொத குப்பி அம்மாவுக்குத்தான்னு எடுத்துட்டு வந்தேன். அம்மா எங்க?"

பாயருகே குத்தவைத்து உட்கார்ந்தாள். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கையடக்க மெஷினில் வைத்தாள். அதில் நம்பர் வரவில்லை, எழுத்து வந்தது. அளக்கமுடியாத அளவுக்கு ஏறியிருக்கிறது என்றாள். "ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். இப்பவே. நீங்க ஊசி போட்ட குப்பியை எடுங்க, டாக்டர் கேப்பாரு."

"அது... தீந்துபோச்சு."

அவள் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதவில் ஒன்றுமில்லை. காயில்காரர் அவளுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் வந்து நின்றார்.

பாயிலிருந்து குரல் வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்ட குரல். "மேல பாரும்மா. ஐஸுக்குள்ள. பிஸ்கட் டப்பா."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் காயில்காரர்.

"உங்க வீட்லதாங்க நானும் இருக்கேன்."

மருந்தம்மா கரண்டிக் காம்பால் பனியைக் குத்திக் குத்தி டப்பாவை வெளியே எடுத்தாள். மூடியைத் திறந்தாள். குப்பிகள் வரிசையாக, அடை காக்கிற முட்டை மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவள் கத்தவில்லை. "வண்டி யார்கிட்ட இருக்கு?" என்றாள்.

காய்கறி ஏற்றுகிற வேன் ஒன்று சந்தைக்குக் கிளம்ப நின்றது. பின்னால் சாக்குகளை விரித்துக் கிழவியைப் படுக்கவைத்தார்கள். மருந்தம்மா ஓடிப்போய் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வந்து ஏறினாள். தெருவில் பார்க்க ஒரு நாய்கூட இல்லை.

வேன் குலுங்கியது. கிழவியின் தலை மருந்தம்மா மடியில். ஊரைத் தாண்டியபிறகு மருந்தம்மா கேட்டாள்.

"ஏன் ஐயா?"

"நீ போயிடுவ."

"போகணும்னு அப்ப நான் நெனைக்கவே இல்லையே."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. எல்லாரும் போனாங்க."

"சரி, நான் போயிட்டேன்னு வைங்க. அந்த டப்பா எத்தனை நாளைக்கு வரும்?"

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "மழை முடியற வரைக்கும் வரும்."

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறத்தை அவர் யோசித்ததில்லை. தக்காளிக் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து ராத்திரி பூரா அந்த ஃப்ரிட்ஜ் முன்னாடியே உக்காந்திருந்தேன் ஐயா" என்றாள் அவள். "எந்த நேரத்துல என்ன தப்புப் பண்ணேன், இன்னும் யாரு யாரு வீட்டுக்கு இந்த மருந்து போயிருக்கும்னு... எனக்குக் கை காலே ஓடல. இங்கேயிருந்து போயிடணும்னு நேத்துத்தான் மொத தடவையா நெனைச்சேன்."

"பாத்தியா, போயிடணும்னு நெனைச்சேன்னு நீயே சொல்ற" என்றார் அவர்.

படுத்திருந்த கிழவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இந்த மனுஷனைக் கீழே இறக்கி விடுங்கம்மா. நாம ரெண்டு பேரும் போயிடலாம்."

ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். பெண்கள் வார்டில் ஆண் தங்கக்கூடாது என்று அவரை வராந்தாவுக்குத் தள்ளினார்கள். மகன் வெளியூர் வேலையில். வந்து சேர இரண்டு நாளாகும். மருந்தம்மாதான் உள்ளே இருந்தாள். பொழுது விடிந்ததும் வெளியே வந்து, "தப்பிச்சுட்டாங்க. உங்களைத் திட்டுற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு. வீட்டுக்குப் போய் மாத்துத் துணி எடுத்துட்டு வாங்க" என்றாள். அவள் புடவையில் வாந்திக் கறை இருந்தது. அதை அவள் கழுவப் பார்த்திருக்கிறாள், போகவில்லை.

ஊரில் பஸ்ஸை விட்டு அவர் இறங்கியதும் டீக்கடையே எழுந்து வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதி மட்டும் மகன் போனில் சொல்லி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"மாமா, அக்கா எப்படியிருக்கு?" என்றான் ரேடியோ.

"பொழச்சுக்கிட்டா."

"நல்லவேளை! நீ சொன்னது அட்சரம் பிசகாம நடந்துடுச்சு மாமா. ஓடிருச்சு! அக்காவுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சதும் பயந்துபோய் நேத்து மத்தியானமே ஷட்டரை இழுத்து விட்டுட்டு ஓடிருச்சு."

"இருந்து பதில் சொல்லத் தைரியம் இல்ல" என்றார் டீக்கடைக்காரர். அவர் கையில் டீ தயாராக இருந்தது. "குடிங்க. நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்க. மூட்டையே பிரிக்கலைன்னு."

"சும்மா விடக்கூடாது மாமா. நாளைக்கே எல்லாரும் போறோம், மேல சொல்றோம். கெட்ட மருந்து வித்துச்சுன்னு. இனிமே எந்த ஊர்லயும் மாத்திரை எடுத்துக் குடுக்கக்கூடாது. நீதான் முன்னால நிக்கணும். பாதிக்கப்பட்டது நீதானே?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஆயுளில் முதல் தடவையாக ஊர் மொத்தமும், காயில்காரர் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டு நின்றது. டீ கையில் சுட்டது. அவர் குடிக்காமல் பெஞ்சில் வைத்தார்.

"ஓடலை" என்றார்.

"என்ன?"

"அது ஓடலைடா. ஆஸ்பத்திரியில உங்கக்காவுக்குத் தலை வாரி விட்டுக்கிட்டு இருக்கு. ராத்திரி பூரா வாந்தி அள்ளியிருக்கு. நீ அள்ளுனியா? தம்பின்னு இருக்கியே."

ரேடியோ வாயைத் திறந்தான். ஒலி வரவில்லை.

"அப்ப அந்தக் கெட்ட மருந்து?" என்றார் டீக்கடைக்காரர்.

"மருந்து கெடல. நான் கெடுத்தேன். வாங்கி வாங்கி ஐஸுக்குள்ள ஒளிச்சு வச்சேன், உறைஞ்சுபோச்சு. எங்க வச்சேன்னு கேட்டுச்சு. கதவுலன்னு பொய் சொன்னேன். போதுமா?"

காற்று மண்ணை வாரி எல்லோர்மேலும் கொட்டியது. யாரும் முகத்தைத் துடைக்கவில்லை.

"ஏன்யா, நீங்க போயி இப்படி..." என்று ஆரம்பித்தார் டீக்கடைக்காரர்.

"நீ பேசாதே. உன் வீட்டு மாவு டப்பாவுக்குள்ள என்ன இருக்கு? பிரஷர் மாத்திரை. தோண்டி எடுத்துப் பாத்தியா? மாவும் மாத்திரையும் ஒண்ணாப் போயிருக்கும்." ரேடியோ பக்கம் திரும்பினார். "நீ மாட்டுக் கொட்டாய்ப் பரண்ல செருகி வச்சிருக்க. அந்தச் சூட்டுல முட்டை வச்சா வெந்துடும். எல்லாத்தையும் போயிக் காட்டுங்க, அந்தம்மாகிட்ட. வந்ததும் காட்டுங்க."

"வருமா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அது எனக்கென்ன தெரியும்? நான் என்ன ஜோசியக்காரனா?" என்று கத்திவிட்டு, மனைவியின் சேலை எது, உள்பாவாடை எது என்று தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த பஸ் ஏறினார்.

மருந்தம்மா வந்தாள். வந்ததும் முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். முதலாளி, வேண்டுமானால் நகரத்துக் கடைக்கே மாற்றிவிடுகிறேன், யோசித்துச் சொல் என்றாராம். அவள் யோசிக்கிறேன் என்றாளாம். இதை அவளே காயில்காரர் மனைவியிடம் சொன்னாள், மனைவி அவரிடம் சொன்னாள்.

"யோசிக்குதாம். அப்ப போயிடும்" என்றார்.

"நீங்க போய்க் கேக்கலாமில்ல? இருன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"சொன்னா இருந்துடுமா?"

"சொல்லாம இருந்தா?"

அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். சுற்றிய காயிலையே அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார்.

ஊர் பைபையாகப் பழைய மாத்திரைகளைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டியது. பாதி ஒட்டிக்கொண்டிருந்தது, பாதி நிறம் மாறியிருந்தது. மருந்தம்மா அவற்றைப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சிரித்தாளா, அழுதாளா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் பஸ்ஸுக்கு முன்னால், மனைவி அவரைக் கடைக்கு விரட்டினாள். கதவில் இருக்கும் குப்பி தீரப்போகிறது.

மருந்தம்மா ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் பை. சின்னதுமில்லை, பெரியதுமில்லை. டீக்கடை மொத்தமும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க ஐயா. ரெண்டு நாள் கடை கிடையாது. மகளைப் பாக்கப் போறேன். இனிமே மாசா மாசம் போவேன், முதலாளிகிட்ட சொல்லிட்டேன். திங்கட்கிழமை காலை பஸ்ல வருவேன்."

"யோசிக்கிறேன்னு சொன்னியாமே?"

"யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்னன்னு?"

"ஒரு நாளைக்கு ஒண்ணு தோணுது ஐயா. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் இதுவரை போன எவனும் அப்படிச் சொன்னதில்லை. இருப்பேன் இருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் போனார்கள்.

"திங்கட்கிழமை நீ வரலைன்னா?"

"வரலைன்னா வரல. வந்தா?"

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய் இரண்டு குப்பி எடுத்துவந்தாள். "நான் ரெண்டு நாள் இருக்கமாட்டேன். உங்களுக்குப் பயமா இருந்தா ரெண்டாவே வச்சுக்குங்க. ஐஸ்ல மட்டும் வேண்டாம்."

காயில்காரர் குப்பிகளைப் பார்த்தார். டீக்கடைக்காரர் கழுத்தை நீட்டினார். ரேடியோ பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டான். காயில்காரர் ஒன்றை எடுத்தார். இன்னொன்றை விரலால் அவள் பக்கமே தள்ளினார்.

பஸ் வந்தது. அவள் ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். டீக்கடைக்காரர் அசைத்தார், ரேடியோ அசைத்தான். காயில்காரர் அசைக்கவில்லை. பஸ் மண்ணைக் கிளப்பிக்கொண்டு திரும்பி, மறைந்தது.

"வந்துடும்ல மாமா?" என்றான் ரேடியோ.

"வராது."

"அப்புறம் எதுக்கு ஒண்ணு மட்டும் வாங்குன?"

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

குப்பியை ஈரத் துணியில் சுற்றிக் கையில் பொத்திக்கொண்டு, சுவர் நிழலை விட்டு விலகாமல் அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். "வரமாட்டா. எழுதி வச்சுக்க, வரமாட்டா" என்று அவர் சொல்லிக்கொண்டே போனது, தெரு திரும்புகிறவரை டீக்கடையில் கேட்டது.